புடவையைத்தான் சரிசெய்தேன், அக்கா

என் கறுப்புத் தங்கமே, அக்கா,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனசில்லை. கோபத்தில் இருக்கிறேன். உன் பெண் மேல் பாதி, உன் வீட்டுக்காரர் மேல் கால், மிச்சமெல்லாம் உன் மேல். செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டினால் மட்டும் நீ கேட்டாயா என்ன?

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வருஷ தெவசம். வருகிறவர்களுக்கு உன் படம் போட்ட கப் கொடுக்கலாம் என்றாள் உன் பெண் மாலதி. "சித்தி கடை இருக்கசொல்ல வெளிய ஏன் குடுக்கணும்?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடி மேம்பாலத்துப் பக்கத்தில் பிறந்தநாள் கப், கல்யாண கப் என்று ஊரார் மூஞ்சியெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறேன், என் அக்காவை விட்டுவிடுவேனா?

அவள் அனுப்பிய படம் மாங்காட்டு அம்மன் கோயில் வாசலில் எடுத்தது. பச்சைப் புடவை, தலை நிறைய மல்லி, வாய் நிறைய சிரிப்பு. ஆனால் அவள் செல்போன் படம் மொத்தத்தையும் தானாகவே வெளுத்து வைத்திருக்கிறது. அப்படியே ஒரு கப்பில் போட்டுப் பார்த்தேன். ரோஸ் பவுடர் அப்பிய எவளோ ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாங்க, உட்காருங்க, என்ன வேணும் என்று கேட்கலாம் போலிருந்தது.

கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற தாஸ், வெளிச்சத்தைக் குறைத்து இன்னொன்று போட்டான். சாம்பல் பூத்த முகம். உனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை.

"இன்னா கலரு வோணும்னு நீயே சொல்லுக்கா. நான் அவங்கள பாத்ததே இல்ல."

என்ன சொல்வது? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பழம்புளி, காபித்தூள், மழையில் நனைந்த பனைமரம் என்று நான் சொல்லச் சொல்ல, அவன் தலையைச் சொறிந்தான்.

அப்புறம்தான் அந்தப் புடவை ஞாபகம் வந்தது. உன் பீரோவிலிருந்து நான் எடுத்து வந்தது அது ஒன்றுதானே? படத்தில் அது கிளிப்பச்சை. கையில் எடுத்தால் கனத்த பாட்டில் பச்சை. கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் விரித்தேன்.

"மூஞ்சிய வுடு. இந்தப் பச்ச வர்ற வரிக்கும் படம் மொத்தத்தயும் மாத்து," என்றேன்.

முதலில் அச்சடிக்கிற காகிதத்தில் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது அக்கா. அதில் எல்லா நிறமும் சோகை பிடித்ததுபோலத்தான் இருக்கும். அதைக் கப்பில் சுற்றி, மெஷினில் சூடு ஏறினால்தான் நிறம் எழும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கப்பைப் போட்டுப் புடவையோடு வைத்துப் பார்த்தோம். பாழான கப்பெல்லாம் மேஜையில் வரிசைகட்டி நின்றன. கடைசியில் புடவைப் பச்சை கப்பில் வந்தது. கூடவே நீ வந்தாய். மூக்குத்திப் பக்கத்து மினுமினுப்போடு, அப்படியே. நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தாஸ் டீ வாங்கும் சாக்கில் வெளியே போய்விட்டான்.

அடுத்த நாள் மாலதியும் மாமாவும் வந்தார்கள்.

"இன்னா சித்தி, அம்மாவ இப்பிடிக் கறுப்பாக்கிட்டீங்க?"

"நான் எங்கடி ஆக்குனேன்? பொடவயத்தான் சரி பண்ணேன். மூஞ்சி தானா வந்துச்சு."

"எங்க மாமியார் ஊட்டுக்காரங்கல்லாம் வர்றாங்க சித்தி. மொதல்ல போட்ட கப்பே நல்லாகீது."

உன் வீட்டுக்காரரும் அந்த ரோஸ் பவுடர்க்காரியைத்தான் கையில் எடுத்தார். "இது பளிச்சுனு கீது கஸ்தூரி."

"யாரு மாமா இது, ரெண்டாவது சம்சாரமா? எங்கக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!"

அவர் சிரித்துவிட்டார். உன் பெண் சிரிக்கவில்லை. அவள் சொன்னதுதான் இன்னும் காதில் எரிகிறது.

"அம்மாவே அப்பிடித்தான் கேப்பாங்க. ஸ்டுடியோ போனா, கொஞ்சம் வெளுப்பா காட்டுப்பான்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் இத்தனை கோபம். யார் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அக்கா? பெண் பார்க்க வந்து, மிக்சரை ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, நிறம் கம்மி என்று எழுந்து போனார்களே, அவர்களா? அவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நீயும் போய்விட்டாய். இன்னும் யாருக்காக வெளுக்க வேண்டும்? நீ கேட்டபடி உன்னைக் காட்டுவதா, நீ இருந்தபடி காட்டுவதா, எது உனக்கு மரியாதை? ராத்தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஆனால் அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது. "இந்த மெஷின்ல அந்த மூஞ்சி இனிமே ஏறாது," என்றேன். மாலதி விறுவிறுவென்று இறங்கிப்போய் ஆவடியில் வேறு கடையில் கொடுத்துவிட்டாள். போகிறபோது படியில் நின்று, "ரொம்பத்தான் திமிரு," என்றாள். அச்சு அசல் உன் குரல். அதை எந்த செல்போனாலும் வெளுக்க முடியவில்லை, பார்.

ஞாயிற்றுக்கிழமை அவரவர் அந்த வெள்ளைக்காரியை வாங்கிக்கொண்டு போகட்டும். நான் தடுக்கமாட்டேன். ஆனால் படையலில் இலைக்குப் பக்கத்தில் உனக்கு வைக்கிற காபி, நான் போட்ட கப்பில்தான் இருக்கும். யார் எடுத்து ஒளித்தாலும் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். இது சத்தியம். பிடிக்கவில்லை என்றால் கனவில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் சொந்த மூஞ்சியோடு வா. இல்லாவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாது.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் நிறத்தில் பாதியை வாங்கிக்கொண்ட தங்கச்சி,
கஸ்தூரி