வீடு பார்க்க வந்தவன்

பிஷ்கெக்
ஆகஸ்ட் 17

அன்புள்ள திலெக்,

நலமா? இங்கே நானும் சுவர்களும் நலம்.

ஷெர்போதோ கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். "அண்ணி, லெட்டர் எழுதுறீங்களா, புஸ்தகம் போடுறீங்களா? தொக்தொகுல் போறவங்கல்லாம் வண்டிக்குள்ள வெந்துக்கிட்டு இருக்காங்க!" என்று நாலாவது மாடிக்குக் கேட்கும்படி கத்துகிறான். கத்தட்டும். உன் கணவாய் வழியாகத்தானே போகப் போகிறான், பத்து நிமிஷம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. போனில் பேசினால் உன் கணவாய்க் காற்று பாதி வாக்கியத்தைத் தின்றுவிடுகிறது, மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த மட்டும் நிம்மதி.

பழைய சுவர்க் காகிதத்தை உரித்து முடித்தேன். ரோஜாப்பூ உரித்தால் உள்ளே பாய்மரக் கப்பல், கப்பலை உரித்தால் பச்சைக் கோடு, அதற்கும் கீழே யாரோ ஒட்டிய பழைய செய்தித்தாள். எத்தனை குடும்பம் இருந்துவிட்டுப் போயிருக்கிறது பார். இனி நாம். உன் அண்ணன் வீட்டு மூலை அறையிலும், ஊரெல்லாம் வாடகை அறைகளிலும் இருந்து தீர்த்தாயிற்று. இப்போது சாவி என் பையில் இருக்கிறது. தையல் கூடத்தில் துணி வெட்டும்போதுகூட ஒரு தரம் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

சுவர் பூச வந்த பெண் கேட்டாள், "இதுல எது குழந்தைங்க ரூம்?" நான் சொன்னேன், "குழந்தை ஒண்ணே ஒண்ணுதான். நாப்பத்தஞ்சு வயசு. மலைய விட்டு எறங்க மாட்டேங்குது." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஏனோ சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டு நிறச் சீட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று ஆப்ரிகாட் மஞ்சள், மற்றது சாம்பல் கலந்த நீலம். எது வேண்டும்? கட்டிலை ஜன்னலோரம் போடட்டுமா, உள்சுவரோரமா? முக்கியமான கேள்வி இதுதான்: அக்டோபரில் உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு அந்தப் பனி தள்ளும் வண்டியிலேயே உட்காரப் போகிறாயா, இல்லை வீட்டுக்கு வரப் போகிறாயா? ஒரு வரி எழுது, போதும்.

உன்
ஜிபார்

---

தோ-அஷூ கணவாய்
ஆகஸ்ட் 26

எங்கள் வீட்டம்மாவுக்கு,

உன் கடிதமும் ஆப்பிளும் வந்து சேர்ந்தன. ஆப்பிளில் இரண்டு ஷெர்போதோவின் வயிற்றில் வந்து சேர்ந்தன.

இங்கே நேற்றே மேல் சரிவில் பனி தூவிவிட்டது. மேய்ப்பர்கள் மந்தையோடு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு குதிரைக் கூட்டம் சுரங்கப்பாதை வாசலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. லாரிக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், கடைசியில் ஒருவன் பாட்டுப் போட்டான், எழுந்துவிட்டன. மர்மோட்டு அணில்கள் குளிர்காலத் தூக்கத்துக்குப் போகும் முன் கொழுத்துக் கிடக்கின்றன. ஒன்று தினமும் எங்கள் கொட்டகைக்கு எதிர்க் கல்லில் நின்று என்னைப் பார்த்து விசிலடிக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த வயதில் என்னைப் பார்த்து விசிலடிப்பது அது ஒன்றுதான்.

ஒரு யோசனை. செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு எனக்கு விடுமுறை. நம் பழைய நாலு பேரும் அலா-அர்ச்சா மலைக்குப் போவோம். நீ, நான், ஷெர்போதோ, நர்ஸ் தமாரா. விடிந்ததும் ஏறினால் அருவியைத் தாண்டி ராத்செக் குடில் வரை போய்விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். அருவிக்கு மேலே அந்தக் கல் ஏற்றத்தை நினைத்தாலே எனக்குக் கால் பரபரக்கிறது. நமது பழைய விதி மாறாது: பாதியில் திரும்புகிறவரைத் தனியாக இறங்க விடக் கூடாது, யாராவது ஒருவர் கூட இறங்க வேண்டும்.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

திலெக்

---

பிஷ்கெக்
செப்டம்பர் 3

அன்புள்ள திலெக்,

நான் கேட்டது ஒரு நிறம், ஒரு கட்டில், ஒரு கையெழுத்து. நீ எழுதியது குதிரையும் மர்மோட்டும். உன்னிடம் பதில் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

காத்திருந்து பார்த்தேன், ஆப்ரிகாட் மஞ்சளையே அடித்துவிட்டேன். கட்டில் ஜன்னலோரம். நான் எழுந்து உட்கார்ந்தால் மலை முழுவதும் தெரிகிறது. ஓஷ் பஜாரில் ஒரு பித்தளைக் கொக்கி பார்த்தேன், ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்தது. கதவுக்குப் பக்கத்தில் அதை அடித்து என் கோட்டை மாட்டிவிட்டு, தெருவுக்குப் போய்த் திரும்பி வந்து, புதிதாக வருகிறவள் போலப் பார்த்தேன். எவ்வளவு அழகு! கதவுக்கு நேரெதிரே தோரில், விருந்தாளிகளை உட்கார வைக்கும் அந்த இடத்தில், சிவப்புக் கம்பளி விரிப்பைப் போட்டு மெத்தை அடுக்கிவிட்டேன். அடுக்குமாடி வீடென்றால் தோர் இல்லாமல் போய்விடுமா?

ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் அலமாரியை இந்தப் பக்கம் நகர்த்துகிறேன். வந்ததும் அந்தப் பக்கம். கீழ்வீட்டுக்காரி வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டித் தட்டி என்னைத் திட்டுகிறாள். நேற்று எதிரே பட்டபோது, "ஏன்டி, அலமாரிக்குக் கால் மொளச்சிடுச்சா?" என்றாள். எதை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று சரியில்லை.

மலைக்கு வருகிறேன். என் முழங்காலைப் பற்றித் தமாரா ஒரு பிரசங்கமே செய்துவிட்டாள், அப்படியும் வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. இறங்கியதும் நீ வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். கையெழுத்துப் பற்றி அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் விசிலடி.

ஜிபார்

---

பிஷ்கெக்
செப்டம்பர் 22, திங்கள் காலை

என் அன்புத் திலெக்,

நேற்று நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருக்கிறது, தையல் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன், மனசு மட்டும் துள்ளிக்கொண்டிருக்கிறது.

அருவி வரை நான் நன்றாகத்தானே வந்தேன்? ஷெர்போதோதான் மூச்சு வாங்கினான். உட்கார்ந்த இடத்திலெல்லாம் நான் பொரித்துக் கொண்டுவந்த பூர்சோக்கைத் தின்றுவிட்டு, "பாரத்தக் கொறைக்கிறேன் அண்ணி" என்றான். அருவிக்கு மேலேதான் வினை. கையை ஊன்றினால் கல் உருளுகிறது, காலை ஊன்றினால் மண் சரிகிறது. சறுக்கி உட்கார்ந்தபோது முழங்காலுக்குள் ஏதோ திரும்பியது எனக்கே கேட்டது. குடில் கண்ணுக்குத் தெரிய இன்னும் ஒரே ஓர் ஏற்றம் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷெர்போதோ, "நான் எறங்குறேன், மேல போயி எனக்கு ஆகவேண்டியது ஒண்ணுமில்ல, பூர்சோக்கும் தீந்துபோச்சு" என்றான். தமாரா, "நான்தான் நர்ஸ், நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க" என்றாள். நீ என் பையை எடுத்து உன் தோளில் போட்டுக்கொண்டு, "என் பொண்டாட்டி. நான் எறங்குறேன்" என்றாய். திலெக், அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னொரு முழங்காலையும் கொடுத்திருப்பேன்.

இறங்கும்போது, அந்த வளைந்த அர்ச்சா மரத்தடியில், நான் கேட்காமலே சொன்னாயே, "நான் கையெழுத்துப் போடல ஜிபார். வந்துடறேன்" என்று. "சத்தியமா?" என்றேன். "சத்தியமா" என்றாய். காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ உன் கழுத்தைப் பார்த்திருக்க மாட்டாய். ஒவ்வொரு திருப்பத்திலும் நீ நின்றாய். என் காலுக்காக நிற்கிறாய் என்று நினைத்தேன். நிமிர்ந்தால் உன் முகம் மேலே, குடில் பக்கம் திரும்பியிருந்தது. போகட்டும், இத்தனை வருஷப் பழக்கம்தானே, ஒரே நாளில் போய்விடுமா?

பிறகு வீடு! கதவைத் திறந்து, "வா வா, தோருக்குப் போய் உக்காரு" என்று உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நொண்டிக்கொண்டே தேநீர் போட ஓடினேன். நீ ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு காலுறையோடு ஒவ்வோர் அறையாகப் போய்ப் புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்த்தாய். கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்து, "நல்ல வீடு. இங்க எப்பவும் நல்லதே நடக்கட்டும். புது வீடு பாத்ததுக்கு என்னோட பார்வைப் பரிசா இத வச்சுக்கோ" என்றாய். நம் கல்யாணத்துக்கு முன்பிருந்து உன் கையில் இருக்கும் கடிகாரம்! நீ லாரி பிடித்துக் கணவாய்க்குக் கிளம்பிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்குறிப்பு: உறையை இன்னும் ஒட்டவில்லை. ஷெர்போதோ கடிதம் வாங்க மேலே வந்தான். ஜன்னலைப் பார்த்து, "அண்ணன் வாட்ச மறந்துட்டாரா?" என்றான். "இல்லடா, வீடு பாத்ததுக்குப் பரிசு குடுத்துட்டுப் போனாரு" என்றேன் பெருமையாக. அவன் கைகொட்டிச் சிரித்தான். "சொந்த வீட்டுக்கு எவனாவது பார்வைப் பரிசு குடுப்பானா அண்ணி? வெளியாளுங்கதானே குடுப்பாங்க!" எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் நிறுத்திவிட்டான், நானும் நிறுத்திவிட்டேன்.

ஏன் கொடுத்தாய் திலெக்? விளையாட்டுக்கா? எழுது. இந்தத் தடவை மர்மோட் வேண்டாம்.

ஜிபார்

---

தோ-அஷூ கணவாய்
செப்டம்பர் 27

ஜிபார்,

விளையாட்டு இல்லை. யோசித்துச் செய்ததும் இல்லை. கை தானாகப் போயிற்று, ஒருவர் வீட்டைப் பார்த்து முடித்ததும் எல்லாருக்கும் போவது போல. லாரியில் பாதி வழி வந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

நீ கதவைத் திறந்ததும் என்ன சொன்னாய் என்று உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். வீட்டுக்காரனுக்கு யாரும் உட்கார இடம் காட்டுவதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நீ யோசித்துச் சொல்லவில்லை, நான் யோசித்துக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜாக்கெட்டை மாட்ட இடம் தேடினேன். ஒரே கொக்கி, அதில் உன் கோட். கட்டிலுக்கு ஒரு பக்கம்தான் விளக்கு. நீ இதையெல்லாம் கவனித்திருக்க மாட்டாய். எப்படிக் கவனிப்பாய்? எந்த நிறம் என்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. கட்டில் எங்கே என்று கேட்டாய், குதிரைக் கதை எழுதினேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் ஓர் இடம் உன்னுடையதாகிவிட்டது. நியாயம்தான். ரொம்ப அழகான வீடு. மஞ்சள்தான் சரி.

கழுத்தைப் பற்றி நீ எழுதியதும் உண்மை. உன் கையைப் பிடித்து இறங்கும்போது எனக்கு உன்மேல் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. ஆனாலும் மேலே பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இங்கே இரண்டு நாள் பனி விழவில்லையென்றால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஊருக்கு வந்தால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை, உன்னோடு அலமாரி நகர்த்துவேனோ என்னவோ.

ஆனால் சத்தியம் சத்தியம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் கடிகாரத்தை ஷெர்போதோவிடம் திருப்பிக் கொடுத்து அனுப்பு. அப்படி அனுப்பினால் அது பரிசே இல்லை, நான் என் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த பொருள். நான் கையெழுத்துப் போடாமல் இறங்கி வந்துவிடுகிறேன். வந்து ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன்.

இங்கே வெறும் மணிக்கட்டையே பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவனிடம் மணி கேட்கிறேன்.

திலெக்

---

பிஷ்கெக்
அக்டோபர் 1

அன்புள்ள திலெக்,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் நொண்டிக்கொண்டே ஓஷ் பஜாருக்குப் போனேன். அதே கடைக்காரரிடம் அதே போல இன்னொரு கொக்கி வாங்கினேன். "ஜோடி சேத்துட்டீங்களா?" என்று சிரித்தார். "சேத்தாச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்து துளையிடும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றேன். இடப்பக்கம் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. எங்கே வைத்தாலும் அது இடைஞ்சலாகவே தெரிந்தது. கொக்கிதானே, அது என்ன செய்யும் பாவம். கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ வராததற்காக இத்தனை நாள் அழுதிருக்கிறேன். நீ வந்துவிடுவாயோ என்று முதல் தடவையாக அழுதேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கடிகாரத்தைத் துணியில் சுற்றி உறைக்குள் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன். தமாரா முழங்கால் கட்டைப் பிரிக்க வந்தவள், "அது என்ன கோழிக்குஞ்சா, உள்ள வச்சு வச்சு எடுக்கிற?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழங்காலையே அமுக்கிக்கொண்டிருந்தாள்.

திலெக், நீ முணுமுணுக்க மாட்டாய், தெரியும். காலுறையோடு சத்தமில்லாமல் நடப்பாய். ஜன்னலோரம் நின்று மலையைப் பார்ப்பாய், நான் உன் கழுத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு விதிப்படி என்கூட இறங்கினாய். கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டாய். இனி நீ ஏறலாம்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடு.

நாலு நாளாக நான் அலமாரியை நகர்த்தவில்லை. கீழ்வீட்டுக்காரி பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று மேலே ஏறி வந்துவிட்டாள். இரண்டு பேரும் தேநீர் குடித்தோம்.

ஷெர்போதோ கீழே வந்து நிற்கிறான். இன்று ஹாரன் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. நான் எதைக் கொண்டுபோகிறேன் என்று ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் இந்தக் காகிதத்தை மட்டும்தான் கொடுக்கப் போகிறேன்.

கடிகாரம் ஜன்னல் திட்டிலேயே இருக்கிறது. நன்றாக ஓடுகிறது. மணி பார்க்க வேறொன்று வாங்கிக்கொள். ஊருக்கு இறங்கும்போது வந்துவிட்டுப் போ, வராமல் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும். உனக்குப் பிடித்த மாதிரி பால் நிறைய விட்டுத் தேநீர் போட்டுத் தருகிறேன். தோரில் நல்ல மெத்தை போட்டிருக்கிறேன், நீ அங்கே உட்கார்ந்துகொள்.

அன்புடன்
ஜிபார்