ஒரு காது இல்லாத யானை

அண்ணி,

இன்று காலை பொம்மைக் கம்பெனியில் களிமண் தொட்டியின் மேல் கிடந்த ஈரச் சாக்கை விலக்கியதும் என் வாயில் எச்சில் ஊறியது. நாலு வருடமாக அதே மண்ணைத்தான் தொடுகிறேன். ஒரு நாளும் அது தின்கிற பொருளாகத் தெரிந்ததில்லை. இன்று விரலில் ஒட்டியதை நாக்கு வரைக்கும் கொண்டு போய்விட்டேன். அப்புறம் உங்கள் முகம் வந்தது. கையைத் தண்ணீர் வாளிக்குள் முக்கி, அப்படியே வைத்திருந்தேன்.

எட்டாவதோடு நின்று உங்கள் பின்னால் வேலைக்கு வந்த புதிதில், அச்சிலிருந்து எடுத்த யானைப் பொம்மைகளின் பிசிறைக் கத்தியால் சீவச் சொல்லிக் கொடுத்தார்கள். சீவல் மடியில் விழும். நீங்கள் அதில் ஒரு துணுக்கை எடுத்து, பாக்கு போடுகிற மாதிரி வாயில் போட்டுக்கொள்வீர்கள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், சும்மா இருக்காமல் ஒரு யானையின் காதையே கடித்தீர்கள்.

"தந்தத்தத் தின்னாத்தான் போலீஸ் புடிக்கும் பாப்பா. காதுக்கெல்லாம் கேஸு கெடையாது."

அந்த யானையை நான் யாருக்கும் தெரியாமல் மற்ற பொம்மைகளோடு சூளையில் வைத்துவிட்டேன். வெள்ளையாக வெந்து வந்தது, உங்கள் இரண்டு பல் தடத்தோடு. மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எதிரில் உட்காருகிற கலா அக்காவும் ஒருநாள் பார்த்துவிட்டது. "என்னாடி, மண்ணு ருசிக்குதா? அப்ப விசேஷந்தான்" என்றது. வேலை விட்டு நாம் வீடு சேர்வதற்குள் சேதி அம்மாவுக்குப் போயிருந்தது. அப்போது உங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அம்மா வாசலிலேயே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "முழுகாம இருக்கியா?" என்று கேட்டது. நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்த தலையை அம்மா ஆம் என்று எடுத்துக்கொண்டது.

எனக்குத் தெரியும் அண்ணி. வீட்டுப் பின்னால், காய்கிற புடவைக்கு அடியில் நீங்கள் ஒளித்துக் காயப்போட்ட துணிகளைப் பார்த்திருந்தேன். அந்த மாதமும் பார்த்தேன், அடுத்த மாதமும் பார்த்தேன். நாலு நாளில் நிற்க வேண்டியது பதினைந்து நாளாகியும் நிற்கவில்லை. கேட்டதற்கு என் வாயைப் பொத்தினீர்கள்.

"சொல்லிடாத பாப்பா. அத்த இப்பத்தான் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. இந்த மாசம் போவட்டும், நானே சொல்றேன். ஒன் வாயிலதான் எப்பவும் கொழுக்கட்டையாச்சே."

"ஒங்க வாயில?"

"என் வாயில மண்ணு."

சிரித்தோம்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பஸ்ஸுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்று, செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்து மூச்சு வாங்குவீர்கள். நகம் வெளுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது. படுத்தால் நெஞ்சு அடிப்பது பக்கத்தில் படுத்த எனக்குக் கேட்டது. கால் வீங்கியது. எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான். "மசக்கன்னா அப்படித்தான் இருக்கும்." லாரியோடு போன அண்ணனுக்கு, லாரி முதலாளி வீட்டுப் போனில் சொல்லி அனுப்பி, மாங்காய் வாங்கிவரச் சொன்னது.

ஊருக்கு வருகிற நர்ஸம்மா ஒருநாள் நோட்டோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெளுத்திருக்கியே, ஏம்மா?" என்றார்கள். அம்மாதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. சத்து மாத்திரை கொடுத்து, ரத்தம் பார்க்க வரச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, "நீ எதுனா சொல்லணுமா?" என்று கேட்டார்கள். என் முகத்தில் என்ன இருந்ததோ. நான் தலையைக் குனிந்தேன். உங்களிடம் கற்றதுதான்.

ரத்தம் பார்க்க நீங்கள் போகவில்லை. போனால் தெரிந்துவிடும்.

நர்ஸம்மா வந்து போன ஆறாம் நாள் பொம்மைப் பலகையைத் தூக்கும்போது விழுந்தீர்கள். ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. உதடு மண் நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா, "மூணு மாசமா முழுகாம இருக்கா டாக்டரம்மா" என்றது. சுவரோரம் நின்ற நான் அப்போதும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, "கர்ப்பமெல்லாம் இல்லம்மா. ஒடம்புல ரத்தமே இல்ல. ரொம்ப நாளாப் போயிருக்குது" என்றார்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தது. ரத்தம் ஏற்றினார்கள். இதயம் ரொம்பக் களைத்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் விடியும்போது நீங்கள் இல்லை.

காரியம் முடிந்து அரிசி டின்னைக் கழுவியபோது அடியில் அந்த மாத்திரைகள் கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "புள்ளத்தாச்சிக்குக் குடுத்தத நான் எப்படி முழுங்குறது" என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் அண்ணி அது வேண்டியிருந்தது.

இன்று மதியம் வேலையைப் பாதியில் விட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே வாசல். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?" என்று டாக்டர் கேட்டதும் வழக்கம்போல அம்மா வாயைத் திறந்தது. அதற்கு முன்னால் நான் பேசினேன். எனக்கும் எத்தனை நாளாகத் தீட்டு நிற்கவில்லை, எவ்வளவு படுகிறது, எல்லாம். மண் தின்ன ஆசையாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். "இப்பவே வந்தியே, சரி பண்ணிடலாம்" என்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்காமல் கேட்டது.

"அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சா? ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா."

அறையும் என்று நினைத்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது.

"அந்தத் துணிய நானும் பாத்தன்டி" என்றது. "பழைய துணின்னு நெனச்சிக்கிட்டன்."

வீட்டுக்கு வந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. முதல் மாத்திரையை நான் விழுங்கும்வரை அங்கேயே நின்றது. மிச்ச மாத்திரையை அரிசி டின்னிலோ பெட்டியிலோ வைக்கவில்லை அண்ணி. எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, கண்ணாடிக்குக் கீழே, உங்கள் யானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தலை சீவும்போதெல்லாம் அந்தக் கடிவாயை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். இரண்டு பல் தடமும் இன்னும் கூராகவே இருக்கிறது.