முக்கூடலில் கைதட்டல்

செவ்வாய், இரவு.

இளையோர் ஆசியக் கால்பந்துப் போட்டிக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தை முக்கூடலில் இசக்கியின் வீட்டில் பார்த்தேன். பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி மட்டுமே தகுதி பெறும். இந்தியப் பெண்கள் வென்றே ஆக வேண்டும்.

என் கைப்பேசியைச் சோற்றுப் பானைமேல் சாய்த்து வைத்திருந்தோம். அவள் அம்மா பேச்சியம்மாள் மடியில் பீடித்தட்டுடன் உட்கார்ந்திருந்தார். மகள் ஆடுவதை அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை.

ஒன்றுக்கு ஒன்று என முடிந்தது. இசக்கி புல்லில் உட்கார்ந்து சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பேச்சியம்மாள் கைதட்டினார். தட்டிலிருந்த இலைகள் தரையில் சிதறின.

"நம்ம பிள்ளைக தோக்கலல்லா அண்ணாச்சி. சந்தோசத்துல அழுதா பாருங்க. அடுத்து எங்கன வச்சு வெளையாடுதாவ?"

அடுத்த ஆட்டம் இல்லை, சமன் செய்தால் போதாது என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் குனிந்து இலைகளைப் பொறுக்கினார்.

"அப்பம் எம்புள்ள வருத்தத்துலயா அழுதா? நான் கையத் தட்டிட்டுல்லா இருந்தேன்."

சற்று நேரத்தில் அவருடைய போன் அடித்தது. இசக்கிதான்.

"நீங்க பேசுங்க அண்ணாச்சி. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல" என்று என்னிடம் நீட்டினார்.

"அம்மா பாத்தாளா மாமா?" என்றாள் இசக்கி. பார்த்தார் என்றேன்.

"என்ன சொன்னா?"

கைதட்டினார் என்றேன். அது உண்மைதான். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ.