கதவு ஃபைலுக்குள் ஒரு முகவரி

மார்ச் 3

லிஃப்ட் கதவு மெக்கானிக்கின் கைமேல் மூடிவிட்டது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. கட்டுப்பாட்டுப் பெட்டி எங்கள் நிறுவனத்துடையது. கதவுக்கான நிரல் என்னுடையது. குறுக்கே கை இருந்தால் கதவு திறந்துவிட வேண்டும். அந்தச் செயலை எழுதினேன். எழுதினேன்தானே?

அத்தான் — அக்காவின் கணவர், எனக்கு மேலாளர், இரண்டும் என் தலைவிதி — கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொன்னார்: "மேடம் கவிதை எழுதுற கையால புரோகிராம் எழுதினா இப்படித்தான்."

சிரித்தார்கள். ஒருவன் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

மார்ச் 4

மூல நிரலைத் திறந்து காட்டினேன். நாற்பத்தொன்றாம் வரியில் இருக்கிறது.

"ஏட்டுச் சுரைக்காய்," என்றார். "லிஃப்டுக்குப் போனது இது இல்லம்மா, கம்பைல் ஆன ஃபைல். அதுக்குள்ள இருக்கா? பாக்கத் தெரியும்ல?"

தெரியும். இவரைவிட நன்றாகத் தெரியும்.

மார்ச் 5

லிஃப்டுக்குப் போன ஆப்ஜெக்ட் ஃபைலை சர்வரிலிருந்து எடுத்தேன். எந்திர மொழியாகிவிட்ட நிரல். வெறும் கண்ணால் படிக்க முடியாத மூட்டை. ஆப்ஜ்டம்ப் என்ற கருவி அதைப் பிரித்துப் போடும். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, உள்ளே இருக்கும் செயல்களின் பெயர்கள் வரிசையாக விழும். கதவைத் திற. கதவை மூடு. மோட்டாரை நிறுத்து.

கையைப் பார் — இல்லை.

மூன்று முறை ஓட்டினேன். இல்லை.

ஆக, இது அலுவலக மேசையில் சோதித்துப் பார்க்கத் தொகுத்தது, அதாவது கம்பைல் செய்தது. மேசையில் கையை உணரும் சென்சார் கிடையாது. அதனால் அந்தச் செயலை நீக்கிவிட்டுத் தொகுப்போம். அதைப் போய் யாரோ லிஃப்டில் ஏற்றியிருக்கிறார்கள். எல்லா ஃபைலையும் இணைத்துக் கையெழுத்துப் போட்டவர் அத்தான்.

எந்தக் கோப்புறையில் தொகுத்தது என்ற முகவரியும் ஃபைலுக்குள் பதிந்திருக்கும். நாளை பார்க்கிறேன். இந்தச் சந்தோஷத்தை ஒரு நாள் வைத்திருக்கலாம்.

மார்ச் 6

என் கோப்புறை.

மார்ச் 7

வெளியீட்டு நாளில் அவர் கதவு ஃபைலைக் கேட்டார். என்னிடம் இரண்டு கோப்புறைகள், இரண்டிலும் ஒரே பெயரில் ஃபைல். நாற்காலிக்குப் பின்னால் நின்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். தப்பானதை இழுத்துப் போட்டேன்.

அவர் சொடுக்கியதுதான் காரணமா? எழுதும்போதே சாக்குத் தேடுகிறேன். சீ.

அவரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு வரிக் கட்டளை. அதுகூடச் செய்யாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மார்ச் 10

விபத்தை விசாரிக்கும் குழுவுக்குப் போன ஃபைலின் நகல் வந்தது. ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் இல்லை, முகவரி இல்லை. ஸ்ட்ரிப் கட்டளையால் வழித்தெடுத்திருக்கிறார்கள். மொட்டைத் தலை. மிச்சம் வெறும் எண்கள். குழுவில் யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்?

மாடிப்படியில் அத்தானை மறித்துக் கேட்டேன்.

"ஆமா, நான்தான். உன்னக் காப்பாத்தினேன்னு கனவு காணாத. கையெழுத்து என்னோடது."

"விபத்து நடந்த அன்னிக்கே பாத்துட்டீங்க, இல்ல?"

"ஆப்ஜ்டம்ப் உனக்கு மட்டும்தான் தெரியுமா?"

"அப்ப அந்த மெக்கானிக்?"

"கரண்டை அணைக்காம கைய விட்டான். அவன் தப்பு. நீ வாயத் தச்சுக்கோ."

மார்ச் 11

அக்கா போனில். "கேக்குதாடி? பேசாம இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

புண்ணியம்!

மார்ச் 12

அவர்மேல் வெறுப்பு குறையவில்லை. இப்போது அதில் எனக்கும் ஓர் இருக்கை போட்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

மார்ச் 13

மெக்கானிக்கை வேலையிலிருந்து நீக்கக் கடிதம் தயாராம்.

வழிக்காத ஃபைலைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அதைப் பிரித்துப் பார்க்கும் கட்டளையையும் எழுத்து விடாமல் கீழே கொடுத்தேன், அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும் என்று. பிறகு ஒரே வரி: உள்ளே இருக்கும் முகவரி என்னுடையது. அதற்குமேல் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் சொடுக்கிய விரலும் வந்துவிடும்.

ஏப்ரல் 2

அக்கா பேசினாள், மூன்று வாரம் கழித்து.

"அவருக்கும் வேலை போச்சு. உனக்கும் போச்சு. நிம்மதியாடி?"

"மெக்கானிக்குக்குப் போகலக்கா."

"அவன் யாரு உனக்கு?"

யாருமில்லை என்றேன். வைத்துவிட்டாள்.