இரும்பு மருந்து ஏற்றிய அன்று

என்னங்க, உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஸ்கேன் பிரிவில் ஒரு சின்னக் கலாட்டா. வேறு யாராவது சொல்லிப் பதறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வயதான ஒரு அம்மாளுக்கு ரத்தக்குழாயைப் படமெடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுது, வழக்கமான மருந்து ஆகாது. அதனால் கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள் கலந்த மருந்தை ஏற்றினேன். அது ஓடும் குழாய் படத்தில் பளிச்சென்று தெரியும். பார்க்கத்தான் துருத்தண்ணீர் போலிருக்கும். பாதி ஏறியதும் ரத்த அழுத்தம் இறங்கி அவர் மயங்கிவிட்டார்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற மகன் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். "எங்கம்மாவுக்கு என்னடி ஏத்துன?" என்று என் தலையைச் சுவரில் மோதினான். கழுத்தை நெரித்தான். கண் இருட்டியது. கையால் துழாவி, மருந்து இறங்கும் குழாயை முதலில் மூடினேன். பிறகுதான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வாய்க்குள் வந்தும் விடவில்லை. காவலாளிகள் அவனைத் தரையில் அமுக்கியபோது தோள்மூட்டு கழன்ற சத்தம் எனக்கே கேட்டது.

டாக்டர் ஊசி போட்டதும் அந்த அம்மாள் கண் விழித்தார். என்னைப் பார்த்து, "யாரும்மா உன்னை இப்படி அடிச்சது?" என்றார்.

"வழுக்கி விழுந்துட்டேம்மா" என்றேன்.

இந்த வாரம் பாப்பாவோடு வீடியோ வேண்டாம், குரல் போதும். கழுத்தை மூடுகிற மாதிரி இரண்டு துப்பட்டா அனுப்புங்கள். கடையில் யாரோ பின்னால் வந்து நின்றதற்கே நேற்று நடுங்கிவிட்டேன், சிரிக்காதீர்கள்.

அடுத்த நோயாளி வந்துவிட்டார். கூடவே அவருடைய மகனும் நிற்கிறான். போகிறேன்.

உங்களவள்