மெஷின் மாமாவின் சிரிப்பு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. நீ உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரரான உன் மேலதிகாரி முகம் கொடுத்தே பேசுவதில்லை, உன்னைக் கண்டாலே அவருக்கு ஆகவில்லை என்று உள்மனசு சொல்கிறது, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். படித்ததும் நம் பழைய வாடகை வீட்டு மாடியில் தங்கியிருந்த மெஷின் மாமாதான் கண்முன் வந்து நின்றார்.

எங்கள் அச்சகத்தில் புது மெஷினைப் பொருத்த வெளிதேசத்திலிருந்து வந்தவர். அவர் தோளில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று நீ அடம்பிடிப்பாய், அவரும் அரைகுறைத் தமிழில் உன்னோடு மல்லுக்கு நிற்பார், வீடே கலகலவென்றிருக்கும். அப்போதுதான் உன் சின்ன மாமா விபத்தில் போனான். உன் அம்மா அதைச் சொன்னபோது இவர் சிரித்தார். வாய்விட்டு அல்ல, ஆனாலும் சிரிப்புதான். "என் தம்பி செத்தது அந்த ஆளுக்கு வேடிக்கையா இருக்கா? முகத்தைப் பார்த்தே எனக்கு ஆளைத் தெரியும்" என்று கொதித்தாள். காய்கறிக்காரர் முதல் வீட்டுக்காரர் வரை அவள் கணிப்பு தப்பியதில்லை என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் மாடிக்கு ஒரு வாய் காபிகூடப் போகவில்லை, உன்னையும் விடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை, அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அதே சிரிப்பு. "அக்கா, என் அம்மா இறந்துட்டாங்க" என்றார். உன் அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். உதடு சிரிக்கிறது, கதவைப் பிடித்த விரல்கள் நடுங்குகின்றன. "உட்காரு தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவள், அவர் கொஞ்சம் தேறியதும் ஏன் சிரிக்கிறாய் என்று நேராகவே கேட்டுவிட்டாள். "எங்க ஊர்ல துக்கத்தை முகத்துல காட்டி அடுத்தவங்க மேல பாரம் ஏத்தக் கூடாது அக்கா. உங்க தம்பி போனப்பவும் எனக்கு வேற முகம் வைக்கத் தெரியல" என்றார்.

நம் உள்மனசு நம் வீட்டு முகங்களைப் பார்த்தே வளர்ந்தது கண்ணு, வேற்றூர் முகம் அதற்குப் புரியாது. அதற்காக உன் அதிகாரி தங்கமானவர் என்றும் நான் சொல்லவில்லை, இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கென்ன தெரியும். அவரிடமே கேள், அவரோடு வெகுநாள் பழகியவர்களிடமும் கேள். அப்புறமும் விடுவதென்றால் விடு, அப்பா இருக்கிறேன்.

மெஷின் மாமா ஊர் திரும்பிய அன்று ரயில் நிலையத்துக்கு மூவரும் போனோம், நீ என் இடுப்பில் இருந்தாய். வண்டி நகரும்போது ஜன்னல் வழியே சிரித்துச் சிரித்துக் கையசைத்தார். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், எப்படி அழறான் பாருங்க" என்றாள்.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. பல்வலி என்றாயே, டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா