களத்தோரப் பெட்டியும் பாறைமேல் பெட்டியும்

என் மனசுக்கு வேண்டிய தம்பி மாணிக்கத்துக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. உன் சம்சாரம் போட்ட கார்டு பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் நான் ஆத்தூருக்குப் பஸ் ஏறியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்பது வருசமாக நாம் பேசவில்லை. செத்தவனுக்கு எழுதும்போது பொய் எழுதக் கூடாது என்பதால் இதை முதலில் எழுதிவிட்டேன்.

சமவெளியிலிருந்து வரும் போன் சிக்னலை வாங்கி அனுப்பிய உன் ரிலே ஸ்டேஷனைப் பூட்டிவிட்டார்கள். மலைப்பாதை ஓரமாகக் குழி வெட்டி கேபிள் பதித்து, போன் எல்லாம் அதன் வழியாகப் போகிறது. டவர் மட்டும் நிற்கிறது. சிக்னல் விழுந்தது, எழுந்தது என்று இனி யாரும் யாரையும் கேள்வி கேட்கப் போவதில்லை. இந்த வசதி உன் காலத்தில் வந்திருந்தால் நமக்குள் சண்டையே வந்திருக்காது இல்லையா?

பின்னால் இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் கொட்டச்சேடு ஊருக்கு மேலே இருந்த அந்த ஸ்டேஷனில் நீ ஆபரேட்டர். அதற்குக் கீழே இருந்த எஸ்டேட்டில் நான் காப்பி காயவைக்கும் களத்துக்கு மேஸ்திரி. களத்தின் ஓரத்தில் பலகை அடித்த ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் முனையில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று காய்ந்திருந்தால் துணியின் ஈரம் வேகமாக ஆவியாகி அந்தத் தெர்மாமீட்டர் கீழே இறங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வானிலைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். தினமும் விடியலில் பார்த்து நோட்டில் எழுதுவேன். காப்பியை எப்போது விரிக்கலாம், எப்போது மூடலாம் என்று அது சொல்லும்.

உன் கஷ்டம் வேறு. சில நாட்களில் விடியலில் சிக்னல் அளவைக் காட்டும் உன் மீட்டர் முள் தானாக விழும். சமவெளியிலிருந்து வரும் போன் எல்லாம் அறுந்துபோகும். எட்டு, ஒன்பது மணிக்கு அதுவே எழுந்துவிடும். உன் மேலதிகாரிகள் மலை மூடுபனிதான் காரணம் என்றார்கள். பனியில்லாத நாளிலும் விழுகிறதே என்று நீ எழுதியதும், அப்படியானால் ஆபரேட்டர் தூங்குகிறான், மெசினைக் கவனிப்பதில்லை என்றார்கள். விளக்கம் கேட்டு உனக்கு மெமோ மேல் மெமோ வந்தது.

ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் நீ இதைச் சொன்னாய். மறுநாளிலிருந்து உன் முள் காட்டிய எண்ணும் என் நோட்டில் ஏறியது. இரண்டு வருசம் எழுதியதில் எனக்கு ஒன்று விளங்கியது. மழைக்காலத்தில் மலை முழுக்கப் பனி மூடி, கையெட்டும் தூரம் தெரியாத நாளில் உன் முள் ஆடாமல் நின்றது. மார்ச்சிலும் அக்டோபரிலும் மேலே வானம் துடைத்தாற்போல் இருந்து, கீழே சேலம் பக்கம் வெள்ளையாக மூடிக் கிடந்த விடியல்களில்தான் விழுந்தது. அன்றைக்கெல்லாம் என் பெட்டியில் வித்தியாசம் அதிகம். கீழே ஈரக்காற்று, மேலே காய்ந்த காற்று. இரண்டும் சேரும் இடத்தில் சிக்னல் நேராகப் போகாமல் வளைந்து வேறெங்கோ போய்விடுகிறது என்றேன். நீ வாயைப் பிளந்து கேட்டாய். உன்னைக் காப்பாற்ற என் நோட்டு போதும் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

டிசம்பரும் ஜனவரியும்தான் ஒத்துவரவில்லை. உன் முள் அதிகம் விழுந்தது அந்த மாதங்களில்தான். என் பெட்டியோ வித்தியாசமே காட்டவில்லை. டீக்கடை பெஞ்சில் பத்துப் பேர் இருக்கும்போது, களத்துக்கு மேலே தெரிந்த பாறையைக் கைகாட்டி நீ சொன்னாய்:

"ஏனுங்க மேஸ்திரி, உங்க பொட்டி களத்துல உக்காந்து நல்லாக் காப்பி குடிக்குதுங்க. ஒருக்கா அந்தப் பாறை மேல தூக்கி வெச்சுத்தான் பாருங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் பெட்டிக்குச் சக்கரை போடலாமா என்று கேட்டான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பெட்டி நகரவில்லை.

அப்புறம் உன் ஆபீசிலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். வெயில் ஏறிய நேரம். களத்தில் நின்றபடியே என் நோட்டைப் புரட்டினார். டிசம்பர் பக்கத்தில் விரலை வைத்து, முள் விழுந்த நாளில் உங்கள் பெட்டி ஈரம் என்கிறதே, நீங்கள் காய்ந்த காற்று என்கிறீர்களே, எதை நம்புவது என்று கேட்டார்.

நீ முந்திக்கொண்டு சொன்னாய்: "சார், அறுப்புக் காலத்துல கழுவுன காப்பிய பொட்டிக்குப் பக்கத்துலதானுங்க கொட்டறாங்க. அது காப்பியோட ஈரமுங்க. காத்தோட ஈரமில்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் களத்தில், என் ஆட்கள் முன்னால், என் எழுத்தைத் தப்பு என்கிறான் இவன் என்பதுதான் என் காதில் விழுந்தது.

"பொட்டி இருக்க வேண்டிய எடத்துலதானுங்க இருக்குது" என்றேன். "அந்த மாசத்துல மெசின்லதான் ஏதோ கோளாறு இருக்கோணுமுங்க."

அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். மெசின் உன் பொறுப்பு. அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? அடுத்த மாதமே உனக்கு மாற்றல் வந்தது, கெட்ட பெயரோடு.

கிளம்பும் நாளில் நீ களத்துக்கு வந்தாய். "போய்ட்டு வர்றனுங்க மேஸ்திரி" என்றாய். நான் குனிந்து காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையைச் சரியாகப் பரப்பச் சொல்லி ஓர் ஆளைத்தான் அதட்டினேன். நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது இல்லை.

அந்த ஒன்பது வருசமும் என் மனக்குறை ஒன்றுதான். நீ என்னை அவமானப்படுத்தினாய்.

கார்டு வந்த பிறகு இன்னொரு பெட்டி செய்தேன். உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. நீ சொன்னது தப்பு என்று ஒரு முறை நிரூபித்துவிட்டால் விசயம் முடிந்துவிடும் என்று செய்தேன். நீ காட்டிய அதே பாறை மேல் வைத்தேன். விடியலில் களத்துப் பெட்டியைப் பார்த்துவிட்டு மேலே ஏறுவேன். முழங்கால் ஒத்துழைப்பதில்லை, ஆனாலும் ஏறினேன்.

மார்ச் முதல் நவம்பர் வரை இரண்டு பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிசம்பரில் முதல் அறுப்புக் காப்பி களத்துக்கு வந்தது. கழுவிய காப்பி ராத்திரியெல்லாம் நீர் வடிந்து கிடந்தது. அன்று விடியலில் களத்துப் பெட்டி ஒரு டிகிரிதான் வித்தியாசம் காட்டியது. பாறைப் பெட்டி ஏழு. கீழே சேலம் வெள்ளையாக மூடிக் கிடந்தது. உன் மெசின் இப்போது இல்லை. ஆனால் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு டிவி இருக்கிறது. அன்று காலை அதில் நம் நிலையத்துப் படத்தின் மேல் எந்த ஊர் நிலையத்தினுடையதோ இன்னொரு படம் ஏறி நின்று தெலுங்கில் பேசியது. ஒன்பது மணிக்குப் போய்விட்டது. சிக்னல் வளைந்தால்தான் அவ்வளவு தூரத்துப் படம் இங்கே வந்து விழும். பாறைப் பெட்டி வித்தியாசம் காட்டிய பல விடியல்களில் அந்தத் தெலுங்குக்காரர்கள் வந்தார்கள். களத்துப் பெட்டிக்கு அது எதுவும் தெரியவில்லை.

ஆகவே நீ சொன்னது சரி. அதுமட்டுமில்லை. அன்று நீ அதிகாரியிடம் சொன்னது என் பக்கத்தைக் காப்பாற்றத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் என் கணக்கும் நின்றிருக்கும், உன் வேலையும் நின்றிருக்கும். அது தெரிய எனக்குப் பத்து வருசமும் ஒரு பாறையும் வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பத்துப் பேர் முன்னால் ஏன் சொன்னாய்? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? தனியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்று நீ திருப்பிக் கேட்பாய்.

உன் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபரேட்டர் தூங்கவில்லை, மெசினிலும் கோளாறு இல்லை, களத்து மேஸ்திரி பெட்டியைத் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் தப்பாகச் சொன்னான் என்று கையெழுத்துப் போட்டு, நோட்டுகளையும் கூட வைத்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இப்போது இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பார்கள். அவன் பெயரில் எழுதியதை அடியுங்கள் என்பேன். அடிக்கும்வரை மாதா மாதம் போவேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். ஒரு தடவை அது உன் பக்கம் நிற்கட்டும்.

களத்துப் பெட்டியை மட்டும் நகர்த்த மாட்டேன். அது காப்பிக்கு வைத்த பெட்டி. பாறை மேல் இருப்பது உன்னுடையது. நோட்டில் அதன் எண்களை எழுதும் வரிசைக்கு மேலே உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். நாளை விடியலிலும் ஏறிப் பார்ப்பேன்.

போய்ட்டு வர்றேன் என்று நீ சொன்னபோது நிமிராத
உன் அண்ணன்,
களத்து மேஸ்திரி